பைலட்டை அணைத்தால் மிச்சம்

1

கனடாவின் ஹாமில்டனில் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது குளிர்காலம் முடிந்துவிட்டது. வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி பதித்திருக்கிறார்கள். உள்ளே சிமெண்டில் செய்த பொய் விறகுக் கட்டைகள். பொத்தானை அமுக்கினால் கட்டைகளுக்கு நடுவே கேஸ் எரியும், அறை சூடாகும். ஊரிலிருந்து வீடியோவில் பேசுகிறவர்கள் எல்லோரும் அதைக் காட்டச் சொல்வார்கள். நிஜ விறகு இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கட்டைகளுக்கு அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதுதான் பைலட். பெரிய நெருப்புக்கு கேஸ் திறக்கும்போது பற்றவைக்கத் தயாராக நிற்கும் சின்ன நெருப்பு. ஆடி மாத வெயிலிலும் எரியும், நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனாலும் எரியும். புது மாடல்களில் இது கிடையாது. பொத்தானை அமுக்கினால் மின்பொறி தட்டும், அப்போதுதான் பற்றிக்கொள்ளும்.

என் மகள் ஷாரனுக்குப் பதினான்கு வயது. பள்ளியில், வீட்டில் வீணாகும் எரிசக்தியைக் கண்டுபிடித்து எழுதி வரச் சொன்னார்கள். அவள் கண்ணில் முதலில் பட்டது இந்தச் சுடர்.

"அம்மா, இது எப்பவும் ஆன்லயா இருக்கு? சம்மர்ல கூடவா? யாருக்காக?"

பழைய மாடல் அப்படித்தான் என்றேன். அவள் விடவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டில் கேஸில் ஓடும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளியே மீட்டர் முன்னால் குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மீட்டரின் சின்ன முள் ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தாள். அதை மணிக்கு, நாளுக்கு, வருடத்துக்குப் பெருக்கினாள். பிறகு பைலட்டை அணைத்துவிட்டு, தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"செக் பண்ணும்மா. நீதான் மேத்ஸ்ல குட்."

தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'முன்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு சுடர் வரைந்திருந்தாள். வலது பக்கம் 'பின்'. அங்கே ஒன்றும் வரையவில்லை. கீழே, அணைத்தால் இவ்வளவு மிச்சம்.

ஒவ்வொரு வரியாகப் பெருக்கிப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. இதே தாளை, இதே கோட்டோடு, பதினேழு வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியிருக்கிறேன்.

2

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் போல்ட் செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். டிப்ளமோ முடித்ததும் அங்கே உற்பத்திப் பதிவேடு எழுதும் வேலை கிடைத்தது. கவரைப்பேட்டையில் எங்கள் வீடு. நைனா கழனி வேலைக்குப் போனவர். கழனி ஷெட்டாக மாறியதும், நாற்று நட்ட அதே இடத்தில் வாட்ச்மேனாக நின்றார். வீட்டில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாத வயது.

போல்ட்டைச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் போட்டால் கெட்டிப்படும். அதற்காக ஷெட்டின் கோடியில் ஒரு பெரிய பர்னஸ் இருந்தது. வெளியே வரிசையாக கேஸ் சிலிண்டர்கள், உள்ளே பர்னர், பர்னர் பக்கத்தில் ஒரு பைலட். அதை ஓட்டியவர் கண்ணையப்பன். பெரியபாளையம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அனல் பட்டுப் பட்டுப் புருவ முடி செம்பட்டையாகிப் போனவர்.

வெள்ளிக்கிழமை தோறும் பர்னஸ் முன்னால் கற்பூரம் ஏற்றுவார். தீப்பெட்டி தொடமாட்டார். ஒரு காகிதத்தைச் சுருட்டி, பைலட்டில் காட்டி, அந்த நெருப்பில்தான் ஏற்றுவார்.

"தீப்பெட்டி இன்னாத்துக்கு? ஆத்தா உள்ளயே கீறா" என்பார். எனக்குத் தட்டை நீட்டும்போது, "நீ வேதக்காரப் பொண்ணு, குங்குமம் வேணாம். சுண்டல் மட்டும் துன்னு" என்று கிண்டல் செய்வார். நான் இரண்டு கை நிறைய வாங்கிக்கொள்வேன்.

3

கைசன் என்று ஒரு ஜப்பான் வார்த்தை. தமிழ்நாட்டில் கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்கு அது இட்லி போலப் பழகிய சொல். சின்ன மாற்றம் செய்து செலவைக் குறைக்க யோசனை சொல்ல வேண்டும். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்', கீழே 'மிச்சம்', அதற்கும் கீழே 'எண்ணம்' என்று போட்டு யோசித்தவர் பெயர். நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு.

கேஸ் விலை ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்தால் திங்கள் காலை வரை பர்னஸ் நிற்கும், பைலட் மட்டும் எரியும். யாருக்காக எரிகிறது என்று நானும் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பைலட்டுக்கு ஒரு சிலிண்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடச் சொன்னேன். அந்தச் சிலிண்டரைப் பழைய இரும்பு நிறுக்கும் தராசில் அன்று ஒருமுறையும் திங்கள் காலை ஒருமுறையும் நிறுத்தேன். ஷிப்ட் இடைவெளிகள், லீவு நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கினால் மாதம் மூன்று சிலிண்டர் வந்தது.

தாளின் கடைசியில் ஒரு வரியும் எழுதினேன். பைலட் இல்லாமல் பற்றவைக்கும் முன் ஐந்து நிமிடம் காற்றூதும் ப்ளோயரை ஓட்டி, உள்ளே தங்கியிருக்கும் கேஸை வெளியேற்ற வேண்டும். டிப்ளமோவில் படித்தது அது. பைலட் எரியும்வரை அந்தக் கவலை இல்லை. வால்வு கொஞ்சம் கசிந்தாலும் கசிந்தது பைலட்டில் பற்றி எரிந்து தீர்ந்துபோகும். பைலட் இல்லையென்றால் கசிந்தது உள்ளேயே காத்திருக்கும்.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தியதே இல்லை.

"எஸ்தர், மூணு சிலிண்டர்னா பிரமாதம். ஆனா கீழ இது என்ன? ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் ஊதினா உள்ள இருக்கற சூடெல்லாம் போயிடும். திரும்ப சூடு பண்றதுலயே ஒரு சிலிண்டர் போயிடுமே. இந்த வரியை எடுத்துட்டா தாள் அழகா இருக்கும்."

ஸ்டோரில் வெள்ளை மை வாங்கினேன். என் கையாலேயே அந்த வரியின் மேல் பூசினேன், காய வாயால் ஊதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பரிசு வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணையப்பனும் தட்டினார். "இன்னாம்மா கணக்கு டீச்சரு, எங்க ஆத்தாவ அணச்சிட்டியே" என்று சிரித்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பாக்கெட்டில் தீப்பெட்டி இருந்தது.

4

பைலட் போனபிறகு பர்னஸைப் பற்றவைக்க ஒரு கம்பி செய்தார்கள். நீளமான இரும்புக் கம்பி, நுனியில் பனியன் துணி, மண்ணெண்ணெயில் நனைத்தது. துணியைக் கொளுத்தி, பர்னர் வாயில் நீட்டி, கேஸைத் திறக்க வேண்டும். ஒன்றரை மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் என் கணக்கு இன்னும் சரியாகிக்கொண்டே போனது.

ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைக் காற்று அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம் கேட்டது. கேபினில் பதிவேட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கண்ணையப்பன் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டி வைத்திருந்தார். கம்பெனி வேனில் ஏற்றினார்கள். ஞாயிறு முழுக்க வால்வு கசிந்திருக்கிறது என்று மெக்கானிக் பிறகு சொன்னார்.

உயிர் பிழைத்தார். மூன்று வாரம் கழித்து, நடந்தது என்ன என்று அவரிடம் எழுதி வாங்கச் சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் வலது கை முழுவதும் கட்டு.

"நீயே எழுதும்மா. ஒன் எழுத்து அழகா இருக்கும்" என்றார்.

என்ன எழுத வேண்டும் என்று ஆபீஸில் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படி எழுதினால் வைத்தியச் செலவு கம்பெனியுடையது, பிறகு கேட்டில் வாட்ச்மேன் வேலையும் உண்டு. எழுதினேன். 'ஐந்து நிமிடம் ப்ளோயரை ஓட்டாமல் நான் கவனக்குறைவாகப் பற்றவைத்தேன்.' நான் வெள்ளை மை பூசி மறைத்த அதே ஐந்து நிமிடம். இரண்டாவது முறை எழுதும்போது அது அவருடைய குற்றமாக மாறியிருந்தது. அவர் இடது கட்டை விரலைப் பதித்துவிட்டு, "ஒனக்கு இன்னாத்துக்கும்மா கண்ணு கலங்குது, ஏந்தப்பு தான" என்றார்.

எனக்கு அப்போது வாய் இருந்தது. நான் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் டேவிட்டோடு கல்யாணம் ஆகி கனடாவுக்கு விமானம் ஏறினேன். போகும் முன் ஒரு காரியம் செய்தேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் தம்பி சாலமனை அந்தக் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டேன். பதிவேடு எழுதத்தான் சேர்த்தேன். இரண்டாவது வருடம் அவனை பர்னஸுக்கு மாற்றினார்கள், சம்பளம் அதிகம் என்று அவனும் போனான். நான் நாடு விட்டு வந்தபிறகு அங்கே நடப்பதெல்லாம் எனக்குப் போனில் வரும் செய்திதான். நல்ல செய்தியை மட்டும் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு.

அந்த ஹாட்பாக்ஸ் இப்போதும் என் சமையலறையில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் அதில்தான் இட்லி.

5

ஷாரனின் தாளுக்குப் பள்ளியில் நல்ல பெயர். அதோடு, பழைய கேஸ் சாதனங்களை மாற்றினால் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தாள். விண்ணப்பம் எட்டுப் பக்கம். வீட்டின் வயது, சாதனத்தின் வயது, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண், ஏற்கெனவே இருப்பதை உரிமம் பெற்ற ஒருவர் வந்து பார்த்ததற்கான சான்று. டேவிட் மூன்றாம் பக்கத்திலேயே எழுந்து போய்விட்டார்.

சான்றுக்காக ஒரு டெக்னீஷியனுக்கு நான்தான் போன் செய்தேன். பைலட் அணைந்திருக்கிறது என்பதை, ஊரில் ஒருவர் இறந்ததை மரியாதைக்குச் சொல்கிற மாதிரி, 'பைலட் எக்ஸ்பயர்டு' என்று சொல்லிவிட்டேன். அவர் வந்து காலாவதித் தேதி எங்கே ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடினார். ஷாரன் மாடிக்கு ஓடிவிட்டாள். நான் பேசும் ஆங்கிலம் அவளை வெட்கப்படுத்தும் வயது வந்துவிட்டது. என் தமிழ் அவளுக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் இப்போது நடுவில் எங்கேயோ நின்றுகொண்டு பேசுகிறோம்.

டெக்னீஷியன் நிலவறைக்குப் போய் வெந்நீர்த் தொட்டியையும் பார்த்தார். அதன் புகைக்குழாய் ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. உடனே கேஸை மூடினார். பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, எழுதி, வால்வில் கயிறு போட்டுக் கட்டினார். சரிசெய்து மறுபடி சோதிக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்.

இரண்டு நாள் வெந்நீர் இல்லை. டேவிட் அவரைத் திட்டித் தீர்த்தார். நான் நிலவறைக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு அட்டை, ஒரு முழக் கயிறு. கும்மிடிப்பூண்டியில் அதைக் கட்ட ஒரு கை இல்லாமல் போயிற்று. என் கை அன்று வேறு வேலையில் இருந்தது.

ஷாரன் பின்னால் வந்து நின்றாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். கண்ணையப்பன் கதையைச் சொன்னேன், வெள்ளை மையை மட்டும் விட்டுவிட்டு.

"ஃபைவ் மினிட்ஸ்தானேம்மா? அவர் வெயிட் பண்ணியிருக்கலாம்ல?"

"ஆமா" என்றேன். சொன்ன மறுநொடி எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அவரைக் குற்றவாளியாக்கி இரண்டாவது முறையாகவும் நான் சாட்சி சொல்லிவிட்டேன்.

6

அடுத்த நாள் காலை சாலமனுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம், அவன் ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தான்.

"இன்னாக்கா, திடீர்னு? ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறோம். சாலமா, அங்க பர்னஸ இப்ப எப்படிப் பத்த வெக்கிறீங்க?"

"அத்த ஏன் கேக்கற? இப்பல்லாம் எலக்ட்ரானிக்குக்கா. பட்டன் தட்டுனா போதும். அதுவே ஊதிக்கும், அதுவே பொறி உடும், அதுவே பத்திக்கும். நெருப்பு கீதான்னு பாக்க ஒரு கண்ணு வெச்சி கீறான். பத்தலன்னா கேஸ நிறுத்திடும்."

எனக்கு உயிர் வந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். அவன் சிரித்தான்.

"ஆனா ரெண்டு மாசமா அந்தக் கண்ணு ஒரே பேஜாரு. நெருப்பு எரிஞ்சிக்கினு கீறப்பவே இல்லேன்னு நிறுத்திடுது. பொறி உடறதும் பூட்ச்சி. புதுசு ஆர்டர் போட்டுக்கீறாங்க, வரல. அதுக்காக லோடு நிக்குமா? கண்ணக் கழட்டி வெளிய வெச்சி, அதுக்கு முன்னால சிகரெட் லைட்டரக் காட்டுவோம். அது உள்ள நெருப்பு கீதுன்னு நம்பிக்கினு கேஸ உடும். நாங்க கம்பித் துணியால பத்த வெச்சிடுவோம்."

"யாரு சொல்லிக் குடுத்தது இத?"

"யாரு சொல்லணும்? நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றான். குரலில் பெருமை. "இத்த மட்டும் கைசன்ல போட முடியாது."

"பத்த வெக்கறதுக்கு முன்னால ஊதி உடறீங்களா? அஞ்சு நிமிஷம்?"

"ஊதுனா சூடு எறங்கிடுமேக்கா. அத்தயும் கை வெச்சி கட் பண்ணிட்டோம். ஒன் பேப்பர்லயே அதெல்லாம் கெடையாதே."

"என் பேப்பரா?"

"ஆமா. பர்னஸோட கரண்ட் பேனல் கதவுல இன்னும் ஒட்டிக்கினு கீது. பழைய மேனேஜரு லேமினேஷன் போட்டு ஒட்டுனது. புது ஆளு யார் வந்தாலும் அத்தக் காட்டித்தான் நான் சொல்லித் தருவேன். 'எண்ணம்: எஸ்தர்'னு கீதுல்ல, எங்க அக்காடான்னு சொல்லுவேன். கீழ மட்டும் ஒரு வரி வெள்ள பூசிக் கீது. இன்னாக்கா அது?"

பதினேழு வருடம் யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். அந்த வரி என்ன, அதை ஏன் மறைத்தேன், அதே வரியைக் கண்ணையப்பன் பெயரில் எங்கே எழுதினேன், எல்லாம். அவன் வீட்டு டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ அதை அணைத்தார்கள்.

"அந்த ஆளு டெய்லி கேட்ல எனக்கு வணக்கம் வெக்கிறாருக்கா. வெரலு மடங்காது, அந்தக் கையாலயே வெக்கிறாரு. ஒங்க அக்கா நல்லா கீதான்னு கேக்கறாரு."

 

"சாலமா, அந்தப் பேப்பரக் கிழிச்சிடு. கண்ணு வர்ற வரைக்கும் நீ பத்த வெக்காத. மேனேஜர்கிட்ட சொல்லு, இல்லன்னா நான் எழுதறேன். ஒனக்குப் புள்ளங்க கீது."

"நான் பத்த வெக்கலன்னா வேற ஒருத்தன வெப்பான். அவனுக்கு லைட்டர எப்பக் காட்டணும்னு கூடத் தெரியாது. பரவால்லியா?"

"சாலமா."

"சரிக்கா. கிழிச்சிடறேன். காலீல மொத வேல அதான். சத்தியமா."

7

அன்று பகல் முழுக்கக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் குற்றம் வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. தமிழில் எழுதினேன். என் பெயர், நான் செய்த வேலை, வெள்ளை மை, கடைசியில் அந்த ஐந்து நிமிடம். இந்த முறை அந்த வரியை மேலே போட்டேன். மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை. அங்கே அப்போது அலுவலகம் மூடியிருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலை இங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஷாரன் ஹாட்பாக்ஸைத் திறந்து ஒரு இட்லி எடுத்தாள். சுவரில் கண்ணாடிப் பெட்டி இருட்டாக இருந்தது, அவள் அணைத்த சுடரை நாங்கள் மறுபடி ஏற்றவில்லை. சாலமனிடமிருந்து ஒரு படம் வந்தது. அங்கே விடிகாலை. காலை ஷிப்ட்டுக்கு முன்னால், உள்ளே போன் கூடாது என்று கம்பெனியில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்குள் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

பேனல் கதவு. நடுவில் தாள் அளவுக்கு மட்டும் பெயின்ட் வெளுப்பாக இருந்தது. நான்கு மூலையிலும் காய்ந்த பசை. கீழே எழுதியிருந்தான். 'கிழிச்சிட்டேன்கா. இப்ப சந்தோஷமா?'

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஷாரனிடம் காட்டினேன். அவள் என்ன என்று புரியாமல் வெறும் கதவைப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது என்னம்மா, ஓரத்துல?"

கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து வைத்திருந்தது அந்தக் கம்பி. நுனியில் பனியன் துணி சுற்றியிருந்தது. கருகிய பழைய துணி இல்லை. அன்று காலைக்கென்று புதிதாகக் கட்டிய வெள்ளைத் துணி.

சாலமனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிப் பெட்டிக்குள் பூட்டிய போன் அப்படித்தான் அடிக்கும்.